மெஷினுக்குள்ள மெஷின்: சாமான் பட்டியலை நாமே எழுதுவோம்

‘ஹார்ட்வெயார் அன்ட் நெட்வேர்க்கிங்’ என்று போர்டு போட்ட வகுப்புகளுக்கு நம்ம பக்கம் இப்போ குறைவில்லை. ஓ.எல். எழுதிட்டு ரிசல்ட் வரும்வரை இருக்கிற மூணு நாலு மாசத்தில் அப்புத்தளையிலிருந்தும் கொஸ்லந்தையிலிருந்தும் பஸ் ஏறி, பண்டாரவளைக்கோ பதுளைக்கோ போய் ஒரு சான்றிதழோட திரும்புற பிள்ளைகள் நிறையப் பேர். அவங்களைப் பிடிச்சு உட்கார வச்சு, “சேர்வர் ஒன்றை நீ தொட்டிருக்கியா? ரெண்டு நெட்வேர்க்கை ஒரு ரூட்டரால இணைச்சிருக்கியா?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஸ்லைடில் பார்த்திருப்பார்கள். இல்லாட்டி கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த ஒன்றை சேர் தூக்கிக் காட்டியிருப்பார். சேர்மாரைக் குறை சொல்லி என்ன செய்ய? ஒரு வகுப்பில் முப்பது பேர், ஆளுக்கொரு ரூட்டர், ஸ்விட்ச், சேர்வர் என்று வாங்கிப் போட யாரால முடியும்? 2021இல்தான் தோட்டத்து நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவைத் தொட்டது. அந்தச் சம்பளத்திலிருந்து கோர்ஸ் பீஸ் வருவதே பெரிய காரியம்.

வாங்க முடியாத சாமானை உண்டாக்கிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அது விர்ச்சுவல் மெஷின். ‘இதுதான் தெரியுமே, விர்ச்சுவல்பொக்ஸ் போட்டு உபுண்டு ஓட்டிப் பார்த்தோமே’ என்று சொல்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ் என்று அமுக்கி ஒரு மெஷினை எழுப்புவதில் நாம கத்துக்கிறது ரொம்பக் கொஞ்சம். அந்த மெஷினுக்குள் எந்த நெட்வேர்க் கார்ட் இருக்கணும், எந்த டிஸ்க் கன்ட்ரோலர் இருக்கணும், எது இருக்கவே கூடாது என்று நாமே உட்கார்ந்து எழுதுகிறோமே, படிப்பு அங்கேதான் ஆரம்பிக்குது. கையில இருக்கிற 4 ஜிபி லெப்டொப் ஆய்வுகூடமா மாறுமா, திணறி நிக்குமா என்பதும் அந்தப் பட்டியலைப் பொறுத்ததுதான்.

முதல்ல அடிப்படை. லயத்தை நினைச்சுக்கோங்க. ஒரே கூரை, ஒரே அத்திவாரம், நடுவில் சுவர் வச்சு காம்பரா காம்பராவாப் பிரிச்சிருக்கு. ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு குடும்பம் தனக்குத் தனி வீடு இருப்பது போலச் சமைச்சு, சாப்பிட்டு, தூங்கும். ஹைப்பர்வைசர் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரே கொம்பியூட்டரின் புரொசசரையும் மெமரியையும் பிரித்து, பல இயங்குதளங்களை அதுக்குள் குடியமர்த்துகிறது. குடி வந்திருப்பது கெஸ்ட். கூரைக்குச் சொந்தக்காரர் ஹோஸ்ட். உவமை இத்தோட நிக்கட்டும். லயத்தில் பக்கத்துக் காம்பராப் பேச்சு அட்சரம் பிசகாமக் கேக்கும், இங்கே கேக்கவே கூடாது.

புரொசசரையும் மெமரியையும் பிரிப்பது இப்போ சுலபம். 2005, 2006 காலத்திலிருந்து இன்டெலும் ஏஎம்டியும் அதுக்கான வசதியைச் சிப்புக்குள்ளேயே வச்சுத் தருகின்றன. பழைய லெப்டொப் வாங்கினா முதலில் பயோஸுக்குள் போய் அது ‘ஒன்’ ஆகியிருக்கான்னு பாருங்கள். நிறைய மெஷின்களில் ஒஃப் ஆகித்தான் வருது. விர்ச்சுவல்பொக்ஸ் 2019 கடைசியில் வந்த 6.1 பதிப்பிலிருந்து அது இல்லாமல் ஓடுவதே இல்லை.

சிக்கல் இருப்பது சாதனங்களில். கெஸ்ட் எழும்பும்போது “என் டிஸ்க் எங்கே? என் நெட்வேர்க் கார்ட் எங்கே? கீபோர்ட் எங்கே?” என்று தேடும். உண்மையான சாதனங்கள் ஹோஸ்ட்டின் கையில். அதனால் கெஸ்ட்டுக்கு இல்லாத சாதனங்களை இருப்பது போலக் காட்டணும். இது புதுக்கதை இல்லை. ஐபிஎம் நிறுவனம் 1972இல் வெளியிட்ட விஎம்/370 என்ற அமைப்பு, ஒவ்வொரு பயனருக்கும் ஒரு முழு மெயின்பிரேமே தன்னிடம் இருப்பது போலக் காட்டியது. பெரிய டிஸ்க்கைத் துண்டு போட்டு ஆளுக்கொரு குட்டி டிஸ்க், அட்டையில் துளை போடும் ஒரு மெஷின், அதை வாசிக்கும் இன்னொன்று. எல்லாமே இல்லாத சாதனங்கள்தான். துளையட்டை உலகத்திலிருந்தே போய்விட்டது. ஆனாலும் அந்த வம்சத்தில் வந்த இன்றைய ஐபிஎம் மெயின்பிரேம் மென்பொருளில் விர்ச்சுவல் துளையட்டை வாசிப்பான் இன்னும் இருக்கிறது. ஒரு பயனர் இன்னொருத்தருக்கு ஃபைல் அனுப்ப அதைப் பாவிக்கிறார்கள்.

நம்ம லெப்டொப்பில் நடப்பதும் அதே மாதிரிதான். லினக்ஸில் கேவிஎம்மோட சேர்ந்து ஓடுவது கியூஎமு. பாப்ரிஸ் பெலார் என்ற பிரெஞ்சுக்காரர் 2003இல் வெளியிட்டது. நாம எதுவும் சொல்லாவிட்டால் அது கெஸ்ட்டுக்குக் காட்டும் மதர்போர்ட், இன்டெல் 1996இல் வெளியிட்ட ஒரு சிப்செட்டின் நகல். இதை வாசிக்கிற பலர் பிறக்கும் முன்னால் கடைக்கு வந்தது! நெட்வேர்க் கார்ட் 2000களின் தொடக்கத்து இன்டெல் கார்ட். விர்ச்சுவல்பொக்ஸும் நீண்ட காலமாக அதே குடும்பத்துச் சிப்பையும் அதே கார்டையும்தான் காட்டி வந்தது. ஏன் இப்படி? எந்தப் பழைய இயங்குதளத்தைப் போட்டாலும் அதுக்கு இந்தச் சாமான்களின் டிரைவர் தெரிந்திருக்கும். எல்லாரோடும் ஒத்துப் போகணும் என்பதற்காக வைத்தது அது. நம்ம மெஷினுக்கு வேகமா இருக்கணும் என்று யாரும் யோசித்து வைத்ததில்லை.

அந்த ஒத்துப்போதலுக்கு ஒரு விலை இருக்கு. கெஸ்ட் தன் கையில் உண்மையான இன்டெல் கார்ட் இருப்பதாக நம்பி, அதன் பதிவேடுகளில் எழுதும். அப்படி எழுதும் இடங்களில் எல்லாம் புரொசசர் கெஸ்ட்டை நிறுத்தி, ஹோஸ்ட்டுக்குத் தாவி, “உண்மையான கார்டா இருந்தா இப்போ என்ன செய்திருக்கும்?” என்று கியூஎமு கணக்குப் பார்த்து, பதிலை வச்சுட்டு, மறுபடி கெஸ்ட்டுக்குத் திரும்பணும். ஒரு பாக்கெட் அனுப்பவே இந்தத் தாவல் பல தடவை நடக்கும். நல்ல சேர்வரில் இது பெரிசாத் தெரியாது. நம்மிடம் இருக்கிற ரெண்டு கோர் மெஷினில் ஃபேன் கத்துற சத்தத்திலேயே தெரியும்.

மாற்றுவழியை ஒழுங்கா எழுதி வைத்தவர் ரஸ்டி ரசல் என்ற ஒஸ்திரேலியர். அவர் எழுதிய விர்ட்ஐஓ, 2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் கர்னலிலிருந்து அதோடேயே வருகிறது. 2016இல் அது முறையான பொதுத் தரமாகவும் ஆனது. யோசனை இதுதான்: கெஸ்ட்டிடம் பொய் சொல்ல வேண்டாம். நீ இருப்பது விர்ச்சுவல் மெஷினுக்குள்தான் என்று அதுக்குத் தெரியட்டும். தெரிந்தபிறகு, எப்போதோ செத்துப்போன ஒரு கார்டின் பதிவேடுகளை நடிச்சுக் காட்டும் வேலை ரெண்டு பேருக்கும் மிச்சம். இருவருக்கும் பொதுவான மெமரியில் ஒரு வளையம் மாதிரி வரிசை இருக்கும். கெஸ்ட் அனுப்ப வேண்டியதை எல்லாம் அதில் அடுக்கி வச்சுட்டு ஒரே ஒரு தடவை மணியடிக்கும். ஹோஸ்ட் வந்து மொத்தமா அள்ளிக்கொண்டு போகும். கொழுந்தை ஒவ்வொரு பிடியாக ஸ்டோருக்குக் கொண்டு ஓடுவதற்கும், நிறுவை நேரத்தில் கூடையோட கொடுப்பதற்கும் இருக்கிற வித்தியாசம்தான்.

எனவே லினக்ஸ் கெஸ்ட் என்றால் யோசிக்கவே வேண்டாம், நெட்வேர்க்குக்கும் டிஸ்குக்கும் விர்ட்ஐஓ. விண்டோஸ் என்றால்தான் கொஞ்சம் வேலை. விண்டோஸ் நிறுவும் டிஸ்கில் விர்ட்ஐஓ டிரைவர் இல்லை. டிஸ்கை விர்ட்ஐஓவாக வைத்து நிறுவப் போனால், “டிஸ்க் எதுவும் இல்லை” என்று சொல்லும். பயப்பட வேண்டாம். டிரைவர் அடங்கிய ஐஎஸ்ஓவை ரெண்டாவது சிடி டிரைவாகச் செருகி, ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் டிஸ்க் தெரியும். அவ்வளவு பாடுபட வேண்டாம் என்றால் சாட்டா டிஸ்கோட நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸ் 11க்குச் சாமானைக் குறைப்பது போதாது, டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் ஒன்றை விர்ச்சுவலாகச் சேர்க்கவும் வேண்டும். 4 ஜிபி மெஷினில் விண்டோஸ் 11 கெஸ்ட் ஓட்ட நினைப்பவருக்கு எங்களிடம் யோசனை எதுவும் இல்லை, அனுதாபம் மட்டும் உண்டு.

டிஸ்க் விசயத்தில் நம்ம ஊர்க்காரர்கள் மற்ற ஊர்க்காரர்களை விட ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கு: திடீர்னு கரண்ட் போனா என்ன ஆகும்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் என்று அமைச்சரே சொன்னபடி, முழு நாடும் இருட்டில் கிடந்தது. குரங்கு இல்லாத நாளிலும் நமக்குக் காற்று இருக்கு, மரம் இருக்கு, மின்னல் இருக்கு. நமக்குக் கிடைக்கும் பழைய லெப்டொப்களில் பெட்டரி செத்திருக்கும், அல்லது கழட்டியே இருக்கும். வயர் புடுங்கினா மெஷின் நின்னுடும்.

கெஸ்ட் ஒரு முக்கியமான எழுத்தை முடித்ததும், “இதை இப்பவே நிரந்தரமா டிஸ்கில் போடு” என்று ஒரு கட்டளை கொடுக்கும். அதுக்கு ஃபிளஷ் என்று பெயர். டேட்டாபேஸ்கள் இந்தக் கட்டளையை நம்பித்தான் பிழைக்கின்றன. கட்டளையை ஹைப்பர்வைசர் மதிக்கிறதா என்பது நம்ம அமைப்பைப் பொறுத்தது. கியூஎமுவில் டிஸ்குக்கு ‘கேஷ்’ என்று ஒரு அமைப்பு இருக்கு. அதில் ‘அன்சேஃப்’ என்பதைத் தேர்ந்தால் எல்லாம் பறக்கும், ஏன்னா ஃபிளஷ் கட்டளையைக் காதிலேயே போட்டுக்கொள்ளாது. இணையத்தில் ‘வேகத்தைக் கூட்ட’ வழி சொல்லும் காணொளிகளில் இதைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அவங்க வீட்டில் யூபிஎஸ் இருக்கும் போல. விர்ச்சுவல்பொக்ஸின் கையேட்டை வாசித்தால், ஐடிஇ, சாட்டா டிஸ்குகளுக்கு வரும் ஃபிளஷ் கட்டளைகளை அது வழமையாகவே, வேகத்துக்காக, கணக்கில் எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறது. மாற்றலாம், ஆனால் திரையில் அதுக்குப் பொத்தான் கிடையாது. கட்டளைவரியில்தான் செய்யணும். கெஸ்ட்டின் ஃபைல் சிஸ்டம் கரண்ட் போன மறுநாள் குழம்பி நின்றால் எல்லாரும் லினக்ஸைத் திட்டுவார்கள். அது சொன்ன கட்டளையை நடுவில் யாரோ விழுங்கியிருக்கலாம். எங்கள் நிலைப்பாடு: ஊவாவில் ‘அன்சேஃப்’ கூடாது. பரீட்சிச்சுட்டு அன்னைக்கே அழிக்கப்போகிற மெஷினாக இருந்தால் மட்டும் பரவாயில்லை.

டிஸ்க் இடத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் சொல்லணும். 20 ஜிபி என்று கெஸ்ட்டுக்குக் காட்டும் டிஸ்க், ஹோஸ்ட்டில் 20 ஜிபி இடத்தை உடனே பிடிப்பதில்லை. எழுதிய அளவுக்குத்தான் வளரும். அதைவிட, ஒரே அடிப்படை இமேஜை வைத்துக்கொண்டு அதன் மேல் மெல்லிய அடுக்குகளாகப் பல மெஷின்களை எழுப்பலாம். டெபியனை ஒரு தடவை நிறுவினா போதும், பத்து மெஷினும் அதையே வாசிக்கும், மாற்றங்களை மட்டும் தன் தன் அடுக்கில் எழுதும். ஒரு விதி: அடிப்படை இமேஜைப் பிறகு தொடக்கூடாது. தொட்டால் மேல இருக்கிற பத்தும் குழம்பும்.

இப்போ நெட்வேர்க். இதைத்தான் கொஞ்சம் நின்று பேசணும்.

நம்ம தோட்டங்களில் வீட்டுக்கு வீடு விலாசம் இல்லாத கதை எல்லாருக்கும் தெரியும். லயத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தோட்டத்து விலாசம் ஒன்றுதான். கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வரும், அங்கிருந்து பிரிச்சுக் கொடுப்பார்கள், கொடுத்தால். நேர்முகப் பரீட்சைக் கடிதம், பல்கலைக்கழகக் கடிதம் எல்லாம் தேதி முடிந்தபிறகு கையில் கிடைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஹைப்பர்வைசர் வழமையாகக் கொடுக்கும் ‘நாட்’ முறை அச்சு அசல் இதுதான். கெஸ்ட் வெளியே எழுதும் எல்லாமே ஹோஸ்ட்டின் விலாசத்தில் போகும். பதில் ஹோஸ்ட்டுக்கு வந்து, அது பிரித்து உள்ளே கொடுக்கும். நாம எழுதலாம், பதில் வரும். ஆனால் வெளியில் இருக்கும் ஒருவர் தானாக நமக்கு எழுத முடியாது, ஏன்னா நமக்குன்னு விலாசம் இல்லை. கெஸ்ட்டுக்குள் ஒரு வெப் சேர்வர் வைத்துவிட்டு, “பக்கத்து மெஷினிலிருந்து திறக்க மாட்டேங்குதே” என்று குழம்புபவர்களுக்குக் காரணம் இதுதான்.

‘பிரிட்ஜ்’ முறையில் கெஸ்ட்டுக்குத் தனி விலாசம் கிடைக்கும். வீட்டு ரூட்டருக்கு அது இன்னொரு மெஷின் போலவே தெரியும். ஆனால் வைஃபையில், அதுவும் போனின் ஹொட்ஸ்பொட்டில், பிரிட்ஜ் பெரும்பாலும் மக்கர் பண்ணும். மூன்றாவது ஒன்று இருக்கு, அதைத்தான் நாங்கள் எல்லாருக்கும் சொல்கிறோம்: உள்ளக நெட்வேர்க். கெஸ்ட்டுகள் தங்களுக்குள் மட்டும் பேசும், வெளியே ஒரு பைட்டும் போகாது. டேட்டா கார்ட் போட்டுப் படிக்கும் நமக்கு இதை விட என்ன வேணும்? டோங்கிளைக் கழட்டி வச்சுட்டே ரூட்டிங், டிஎன்எஸ், ஃபயர்வோல் எல்லாம் பழகலாம்.

டேட்டா என்றதும் இன்னொன்று. விண்டோஸ் கெஸ்ட் ஒன்றை நாட் முறையில் திறந்து வச்சுட்டு டீ குடிக்கப் போனால், வரும்போது அப்டேட் உங்கள் மாசக் கணக்கில் ஒரு பங்கைச் சாப்பிட்டிருக்கும். விர்ச்சுவல் நெட்வேர்க் கார்டில் ‘கேபிள் இணைக்கப்பட்டது’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அந்தச் சரியை எடுத்துவிடுங்கள். இல்லாத கேபிளைப் புடுங்குவதுதான், ஆனால் காசு உண்மையாகவே மிச்சம்.

ஒரு மெஷினை அப்படியே நகல் எடுத்து ரெண்டாக்கும்போதும் விலாசப் பிரச்சினை வரும். ஒவ்வொரு நெட்வேர்க் கார்டுக்கும் மெக் இலக்கம் ஒன்று உண்டு. கியூஎமு கொடுப்பவை 52:54:00 என்று தொடங்கும், விர்ச்சுவல்பொக்ஸ் கொடுப்பவை 08:00:27 என்று. நகல் எடுக்கும்போது புது இலக்கம் கொடுக்கச் சொல்லாவிட்டால் ரெண்டு மெஷினுக்கும் ஒரே இலக்கம். அப்புறம் ஒரு லயத்தில் ஒரே பேரில் ரெண்டு ராஜேஸ்வரி இருந்தா தபால்காரர் படுற பாடுதான். ஒருநேரம் இவருக்குப் போகும், மறுநேரம் அவருக்கு.

சேர்ப்பதைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். எடுப்பதைப் பற்றிப் பேசாவிட்டால் பாதிதான். 2015 மே மாதம் ‘வெனம்’ என்ற ஓட்டை ஒன்று வெளியே வந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஜேசன் கெஃப்னர் கண்டுபிடித்தது. கெஸ்ட்டுக்குள் இருப்பவர் சுவரை உடைத்து ஹோஸ்ட்டுக்குள் வர வழி விட்ட ஓட்டை அது. கியூஎமு, சென், கேவிஎம், விர்ச்சுவல்பொக்ஸ் எல்லாமே மாட்டின. ஓட்டை எங்கே இருந்தது தெரியுமா? விர்ச்சுவல் ஃபிளொப்பி டிரைவின் கன்ட்ரோலரில். 2015இல் யார் ஃபிளொப்பி பாவித்தார்கள்? யாருமே தொடாததால்தான் 2004இலிருந்து பதினொரு வருசம் அது கண்ணில் படாமல் கிடந்தது. ஃபிளொப்பியை ஒஃப் பண்ணி வைத்திருந்த மெஷின்களிலும், வேறொரு பிழையால், அந்த நிரல் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது என்பது கொசுறுச் செய்தி.

அமேசான் 2018இல் ஃபயர்கிராக்கர் என்ற ஒன்றை வெளியிட்டபோது இந்தப் பாடத்தை அதன் கடைசி எல்லைக்குக் கொண்டுபோனது. அது கெஸ்ட்டுக்குக் காட்டிய சாமான்கள் மொத்தமே நான்கு: விர்ட்ஐஓ நெட்வேர்க், விர்ட்ஐஓ டிஸ்க், எழுத்து மட்டும் வரும் ஒரு சீரியல் கொன்சோல், மெஷினை நிறுத்த மட்டும் ஒரே ஒரு பொத்தான் உள்ள கீபோர்ட் கன்ட்ரோலர். சவுண்ட் கார்ட் இல்லை, யூஎஸ்பி இல்லை, திரையே இல்லை. மெஷின் எழும்ப எடுக்கும் நேரம் ஒரு விநாடியின் எட்டில் ஒரு பங்கு. மெமரியில் அதுக்கான மேல்செலவு 5 எம்பிக்கும் குறைவு. உலகத்திலேயே பணத்துக்குக் குறைவில்லாத ஒரு கம்பனி, சாமானைக் குறைத்துத்தான் வேகம் வாங்கியது. 4 ஜிபி லெப்டொப்காரர்களான நமக்கு இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நம்ம தேவையும் அவங்க தேவையும் ஒரே இடத்தில் வந்து சந்திக்குது.

அதை வைத்து ஒரு பட்டியல் சொல்கிறோம், செய்து பாருங்கள். ஹோஸ்ட்டில் பாரமில்லாத லினக்ஸ் ஒன்று. மேல மூன்று டெபியன் கெஸ்ட், டெஸ்க்டொப் இல்லாமல், ஆளுக்கு 512 எம்பி. முதலாவது ரூட்டர், அதுக்கு ரெண்டு விர்ட்ஐஓ நெட்வேர்க் கார்ட், ஒவ்வொன்றும் ஒவ்வொரு உள்ளக நெட்வேர்க்கில். ரெண்டாவது வெப் சேர்வர், ஒரு கார்ட். மூன்றாவது பாவனையாளர், மற்ற நெட்வேர்க்கில் ஒரு கார்ட். மூன்றிலும் சவுண்ட் இல்லை, யூஎஸ்பி இல்லை, திரைக்குப் பதில் சீரியல் கொன்சோல். மொத்தம் 1.5 ஜிபி. ஒரு சின்ன ஒபிசின் நெட்வேர்க் முழுக்க உங்கள் மடியில். ரூட்டரை நிறுத்திப் பாருங்கள், ஒரு கேபிளைப் புடுங்கிப் பாருங்கள், விலாசத்தை மாத்திப் பாருங்கள். எதை உடைத்தாலும் யாரும் திட்டப் போவதில்லை. கண்ணாடி அலுமாரியில் இருக்கிற ரூட்டரில் இதைச் செய்ய விடுவார்களா?

“இதெல்லாம் எதுக்கு, இப்போ எல்லாமே கிளவுட்தானே, அவங்களே எல்லாம் தெரிவு செய்து தர்றாங்களே” என்று ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. முதல் பதில், அந்தக் கிளவுட் இலவசக் கணக்குகளைத் திறக்க பெரும்பாலும் கார்ட் இலக்கம் கேட்பார்கள். பத்தொன்பது வயதில் கிரெடிட் கார்டோட இருக்கிற தோட்டத்துப் பிள்ளை எத்தனை பேர்? ரெண்டாவது, கிளவுட் என்பதும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அமைத்த மெஷின்தான். நம்ம நாட்டு அரசாங்கத்துக்கே லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்று ஒன்று இருக்கு. 2023இல் அதை ரான்சம்வெயார் தாக்கியது. ஐந்தாயிரம் அளவான அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவை மீட்க முடியவில்லை. மூன்று மாசத்துக்கும் மேலான அரசாங்கக் கடிதப் போக்குவரத்து! காப்புப் பிரதியை மெஷினை விட்டு வெளியே, வலையமைப்பை விட்டு வெளியே எடுத்து வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதை இனி யாரும் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. ஸ்னப்ஷொட் எடுத்தாச்சு, போதும் என்று நினைக்கும் நண்பர்களுக்கும் இதையே சொல்கிறோம். அதே டிஸ்கில் கிடக்கும் ஸ்னப்ஷொட், டிஸ்க் போனால் கூடவே போகும். இப்படியான மெஷின்களைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் இந்த நாட்டுக்கு வேணும். அந்த ஆட்கள் கொழும்பிலிருந்துதான் வரணும்னு எங்கேயும் எழுதியில்லை.

ஆகவே ரெண்டு தரப்பிடம் எங்கள் கோரிக்கை இருக்கு. கோர்ஸ் நடத்துபவர்களிடம்: ஐந்து நாள் வேர்ட் பாடத்தில் ஒரு நாளை வெட்டுங்கள். அந்த நாளில் பிள்ளைகள் கையால் ஒரு விர்ச்சுவல் மெஷினின் சாமான் பட்டியலை எழுத வையுங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் “இது ஏன் இங்கே இருக்கு?” என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத சாமானைக் கழட்டச் சொல்லுங்கள். இதுக்குப் புதுச் செலவு எதுவும் இல்லை, மென்பொருள் எல்லாம் இலவசம். நன்கொடை தருபவர்களிடம்: பாடசாலைகளுக்குப் பத்து டேப்லெட் தருவதாக இருந்தால், அந்தக் காசுக்கு மெமரி கூடிய, பாவித்த மேசைக் கணினி ரெண்டு மூன்று தாருங்கள். டேப்லெட்டில் பாடம் பார்க்கலாம், படம் பார்க்கலாம். மெஷினுக்குள் மெஷின் கட்டிப் பார்க்க முடியாது. பத்துப் பேருக்கு ஆளுக்கொன்று கொடுத்த படம் அழகாகத்தான் இருக்கும். ஆனாலும் முப்பது பேர் முறை வைத்து உடைச்சுப் பழகும் ஒரு 16 ஜிபி பெட்டி அதைவிட அதிகம் வேலை செய்யும் என்பது எங்கள் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள், போடுகிறோம்.

தமிழில் தட்டச்சு செய்ய முடியவில்லை என்று கேட்டவர்களுக்கு ஒரு குறிப்பு. விர்ச்சுவல் கீபோர்ட் கெஸ்ட்டுக்கு எழுத்தை அனுப்புவதில்லை, எந்த விசையை அமுக்கினீர்கள் என்ற இலக்கத்தை மட்டும்தான் அனுப்பும். அதனால் ஹோஸ்ட்டில் ரெங்கநாதன் விசைப்பலகை போட்டிருந்தாலும் கெஸ்ட்டுக்கு அது தெரியாது. கெஸ்ட்டுக்குள் தனியாகப் போடணும்.

மேலே சொன்ன மூன்று மெஷின்களுக்கான அடிப்படை இமேஜும் அமைப்புக் கோப்புகளும் எங்களிடம் இருக்கு. இணையத்தில் இறக்கி டேட்டாவைக் கரைக்க வேண்டாம், சந்திக்கும்போது பென் டிரைவ் கொண்டு வாங்க, ஏத்தித் தருகிறோம். 8 ஜிபியாவது காலியா இருக்கணும். பயோஸில் அந்த வசதியை ஒன் பண்ணிட்டு வாங்க.